பௌத்த நிருவாணமும் மேனாட்டார் மரணக் கோட்பாடும்

பிறர் கொண்ட சமயப்பொருளை ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் வேண்டப்படுவது, அப்பொருளை அச்சமயத்தார் உடன்படுமாறு எடுத்துரைக்கும் நேர்மையாகும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்திற் பௌத்தர் நால்வகையாரையும் எடுத்துக்கொண்டபொழுது, ஒவ்வொருவர் மதத்தையும் முன்னர் நிறுத்தி, அதன் பின்னரே அதற்கு மறுதலை உரைத்தார். இம்முறை பிறழ்ந்த ஆராய்ச்சி எத்துணைக் கற்றார் செய்ததாயினும் நிலைபெறாது. அதற்குத் தக்க சான்று, பௌத்தர் கூறும் நிருவாணத்தைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டறிஞர் நிகழ்த்திய நெடிய வாதமாகும். நிருவாணமென்பது அழிவே என்னும் முடிபு அவ்வாதத்திற் றோன்றி, ஆங்கில நூல்கள் வாயிலாக ஈண்டும் பரவி, இன்னும் முற்றும் மறைந்திலது. அம்முடிபு யாங்ஙனம் பிறந்தது? பாளி நூல்கள் அதற்கு இடந்தருவனவா? மேனாட்டுச் சமயம் மரணத்தைக் குறித்துக் கொண்ட கருத்து அதற்கு எவ்வாறு வித்தாயிற்று? இம்மூன்றும் ஈண்டு ஆராயப்படும்.

வாதத்தின் வரலாறு

பிரெஞ்சு அறிஞர் பர்னூஃப் என்பார், இந்திய பௌத்த வரலாற்றிற்குத் தோற்றுவாயாக ஒரு பெருநூலை 1844-ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்தில் வெளியிட்டார். நேபாளத்தில் ஆங்கில அரசின் பிரதிநிதியாயிருந்த ஹாட்ஜ்சன் தேடியனுப்பிய வடமொழி ஏடுகளே அதற்குப் பெரும்பாலும் ஆதாரமாயின. அந்நூலில் அவர் நிருவாணத்தை முழுதும் அற்றொழிதலாகக் கொள்ளும் பக்கமே சாய்ந்தார். அவர் வழிவந்த பார்த்தெலெமி சேன் இலேர் 1860-இல் வெளியிட்ட நூலிற் புத்தருடைய ஒழுக்கத்தை உயர்வாகப் பாராட்டினார். எனினும், அவர் காட்டிய முடிந்த பேறு வெறும் இன்மையே எனத் துணிந்து, அக்கொள்கையைக் கடிந்துரைத்தார். மாக்ஸ்முல்லர் 1857-இல் அழிவென்னும் பொருளையே உடன்பட்டார்; 1869-இற் கீல் நகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் அதனை மாற்றிக்கொண்டு, அழிவுக் கொள்கை புத்தரதன்று, பிற்கால ஆசிரியரதே என்றார். இலங்கையில் அரசாங்க அலுவல் பார்த்துப் பாளி கற்ற சில்டர்ஸ், 1875-இல் முற்றுப்பெற்ற தம் பாளி அகராதியில், நிருவாணமென்னுஞ் சொல் இருபொருள் தருமென்றார்: ஒன்று, வாழும்பொழுதே அருகர் எய்தும் தூயநிலை, மற்றொன்று, அவர் இறந்தபின் உண்டாகும் அழிவு.

இவர்களுள் ஒருவரும் கல்வியிற் குறைந்தாரல்லர். ஆயினும் அவர்க்குக் கிடைத்த கருவிகள் சிலவே. பௌஸ்பேல் என்பார் தம்மபதத்தைக் கோப்பன்ஹேகன் நகரத்தில் 1855-இற் பதிப்பித்தார். இலண்டனிற் பாளி நூற்கழகம் ரைஸ் டேவிட்ஸ் என்பாரால் நிறுவப்பட்டது 1881-இலாகும். இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத சம்யுத்த நிகாயம் 1884 முதல் 1898 வரையிலும், உதானம் 1885-இலும், மச்சிம நிகாயத்தின் முதற்பகுதி 1888-இலும் அச்சேறின. எனவே, தீர்ப்பு முன்னரும் சாட்சியம் பின்னருமாக இவ்வழக்கு நடந்ததென்க.

நூற்குறை ஒன்றே பிழைக்குக் காரணமெனின், சில்டர்ஸ் செய்தி அதற்கு ஒவ்வாது. அவர் இலங்கை ஏடுகள் பலவற்றைக் கண்டவர். கண்டும் அழிவு என்றே முடித்தார். ஆகலின் நூல்களுக்கு முன்னரே நின்ற வினாவினையும் ஆராய்தல் வேண்டும். ‘இறந்தபின் அவன் உளனா, இலனா?’ என்னும் வினாவுடனேயே அவர் அனைவரும் பாளி நூல்களை அணுகினர். அவ்வினா மேனாட்டுச் சமயத்திற்கு இயல்பாக உரியது.

மேனாட்டுச் சமயத்தில் மரணம்

மேனாட்டுக் கொள்கையும் ஒருநாளில் ஒருபடித்தாய் அமைந்ததன்று. எபிரேயர் மறையின் பழம்பகுதிகளில், மாண்டோர் நல்லார் தீயார் என்னும் வேறுபாடின்றிச் சியோல் என்னும் கீழுலகில் நிழல்போற் கிடப்பர். மாண்டோர் மீள உயிர்த்தெழுவர் என்னும் கருத்து, கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் இப்போதைய வடிவம் பெற்ற தானியேல் ஆகமத்தில் தெளிவாக வெளிப்படுகின்றது. இயேசுநாதர் காலத்திற் பரிசேயர் அதனை உடன்பட்டனர், சதுசேயர் மறுத்தனர். பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதற்றிருமுகத்தின் பதினைந்தாம் இயலில் மரணத்தைக் கடைசிப் பகையாக வைத்து, உடம்போடு கூடிய உயிர்த்தெழுதலே அதனை வெல்லுமென நிறுவினார். 381-இற் கான்ஸ்தாந்திநோபிளில் வகுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் விசுவாசச் சூத்திரமும் மாண்டோர் உயிர்த்தெழுதலையும் வருமுலக வாழ்வையும் கூறி முடிகின்றது.

இதனோடு கிரேக்கர் கொள்கையும் வந்து கலந்தது. பிளேட்டோ தமது பீடோ என்னும் நூலில், கி. மு. 399-இல் நஞ்சுண்டு இறந்த சாக்ரதரை, உயிர் தன்னியல்பால் அழியாததென்று வாதிப்பவராகக் காட்டினார். அவர்க்கு மரணம் உயிரை உடற்சிறையினின்று விடுவிக்கும் நண்பன். பவுலடிகளுக்கோ அது பகைவன். இவ்விரண்டும் ஒன்றல்லவென்று கல்மான் என்னும் கிறித்தவ அறிஞர் 1955-இல் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் வற்புறுத்தினார். ஆயினும் திருச்சபை இரண்டினையும் இணைத்தே வழங்கிற்று. நல்லார் உயிர் இறந்தவுடனே கடவுளைக் காணுமா, இறுதித் தீர்ப்பு நாள்வரை காத்திருக்குமா என்னும் ஐயம் பதினான்காம் நூற்றாண்டிற் பெரிதாக எழுந்தது. இருபத்திரண்டாம் யோவான் என்னும் போப்பரசர் காத்திருக்குமெனப் போதித்துக் கலக்கம் விளைத்தார். அவர்க்குப் பின்வந்த பன்னிரண்டாம் பெனடிக்டு, கழுவாய் வேண்டாத உயிர்கள் இறந்தவுடனே கடவுளை நேரிற் காணுமென 1336-இல் வரையறுத்தார். 1513-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் உயிரின் அழியாமையைச் சபைக் கொள்கையாக அறிவித்தது.

இவற்றாற் பெறப்படுவன மூன்று. மரணம் ஒருவனுக்கு ஒருமுறையே நிகழ்வது. ஆகலின் அது மீளாத எல்லை. அவ்வெல்லையைக் கடந்துசெல்லும் ‘அவன்’ என்பான் ஒருவன் உளன். அவனே தீர்ப்புக்கு உரியவன். முழுநிறைவாகிய காட்சி அவ்வெல்லைக்கு அப்பாலது. இவ்வுடம்போடு வாழும் மனிதன் இயல்பாகக் கடவுளின் உண்மைத்தன்மையைக் காண்டல் இயலாதென்றே அக்குவினாவின் தோமையரும் கூறினார். இம்மூன்றையும் ஐயமின்றிக் கொண்டானொருவன் பிறிதொரு சமயத்தைக் காணும்பொழுது முதலில் வினவுவது யாது? ‘மரணத்திற்கு அப்பால் யாதுளது?’ என்பதேயாம். ‘ஒன்றும் சொல்லப்படவில்லை’ என்னும் விடை கிடைப்பின், அவன் அதனை ‘ஒன்றும் இல்லை’ என்றே மொழிபெயர்த்துக்கொள்வான். சொல்லாமையும் இல்லாமையும் அவன் செவிக்கு ஒன்றாகவே ஒலிக்கும்.

பௌத்தத்தில் மரணமும் போதியும்

பௌத்தத்தில் மரணத்தின் இடம் வேறு. பன்னிரு சார்புகளுட் பேதைமை முதலாக நின்று, செய்கை முதலியவற்றைத் தோற்றுவித்து, வேட்கையும் பற்றுமாய் வளர்ந்து, பிறப்பிற் சென்று முடியும். பிறப்புளதாயின் மூப்பும் சாவும் உளவாம். இத்தொடர்ச்சியின் தமிழ்ப்பெயர்களை மணிமேகலையின் இறுதிக் காதையிற் காணலாம். இத்தொடரிற் சாவு ஒரு கண்ணியேயன்றி எல்லையன்று. எண்ணிறந்த முறை நிகழ்ந்தது. காரணம் அறாதவரை இன்னும் நிகழ்வது. கிறித்து சமயத்தில் மனிதன் கீழ்ப்படியாமையால் மரணம் உலகிற் புகுந்தது. பௌத்தத்திலோ பிறப்பால் மரணம் வருகின்றது, பிறப்போ பேதைமையால் வருகின்றது. முன்னதற்கு மருந்து கடவுளின் அருள். பின்னதற்கு மருந்து அறிவு.

ஆகவே, பௌத்தன் அஞ்சுவது இறந்தபின் இல்லாமற் போதலையன்று. இறந்தபின் மீளவும் பிறத்தலையே. அத்தொடர் அறுமிடம் போதி. சாக்கியமுனிவர் அரசமரத்தடியில் அதனை எய்தியபொழுது அவர்க்கு வயது முப்பத்தைந்தென்றும், குசிநகரிற் சாலமரங்கள் இரண்டின் நடுவே உடல் நீத்தபொழுது வயது எண்பதென்றும் மரபு கூறும். இடையில் நின்றவை நாற்பத்தைந்து ஆண்டுகள். போதி எய்தியவுடன் அவர் தாம் கண்டதற்கிட்ட பெயர்களுள் ஒன்று ‘அமதம்’. சாவாமை என்பது பொருள். உண்டு, நடந்து, நோயுற்று, பிறர்க்கு உபதேசித்து வாழ்ந்த ஒருவர் சாவாமையைப் பெற்றுவிட்டேனென்று கூறின், அச்சாவாமை கல்லறைக்கு அப்பால் தொடங்குவதன்று என்பது வெளிப்படை.

இதிவுத்தகம் நிருவாணத்தை இருவகையாக வகுக்கும். ஆசையும் வெகுளியும் மயக்கமும் அற்று, உடம்பும் பொறிகளும் எஞ்சிநிற்பது ஒன்று. அவ்வெச்சமும் தீர்ந்தது மற்றொன்று. சில்டர்ஸ் கண்ட இருபொருளுக்கும் மூலம் இப்பகுப்பேயாகும். ஆனால், முன்னதைத் தூய்மையென்றும் பின்னதை அழிவென்றும் அவர் பிரித்தது நூலிலுள்ளதன்று. விளக்கினை உவமையாக்கிக் கூறின், எண்ணெய் முன்னரே தீர்ந்தது. திரியிற் பற்றிய ஈரமே பின்னர் உலர்ந்தது. எய்தவேண்டியது மரணத்திற்கு முன்னரே எய்தப்பட்டது. மரணம் அதனோடு புதிதாக ஒன்றையும் கூட்டவில்லை.

மகாபரிநிப்பாண சூத்திரம் அவ்விறுதி நேரத்தை விரித்துரைக்கும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. புத்தர் தியானநிலைகளை ஒவ்வொன்றாய்க் கடந்து, உணர்வும் நுகர்வும் ஒடுங்கிய நிலையை அடைந்தார். அருகிருந்த ஆனந்தர் அவர் பரிநிருவாணம் எய்திவிட்டாரெனக் கருதினார். அநுருத்தர், ‘அன்று, ஒடுக்கத்திலேயே உளார்’ என்று திருத்தினார். பின்னர்ப் புத்தர் அந்நிலையினின்று படிப்படியாக இறங்கி முதற்றியானத்திற்கு வந்து, மீண்டும் நான்காந்தியானம்வரை ஏறி, அதனின்றும் நீங்கிய அளவில் உடல் நீத்தார். உணர்வற்றுப்போதலே நிருவாணமாயின், ஆனந்தர் கருதியதே சரியாயிருத்தல் வேண்டும். உணர்வொடுக்கத்தை அந்நூல் பரிநிருவாணத்தினின்று வேறாக்கிக் காட்டியது, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வார்க்குத் தடையாகும்.

யமகர் கொண்ட கருத்தும் அதன் மறுப்பும்

இனி, அழிவுக் கொள்கையைப் பௌத்த நூல்கள் அறியாவோ எனின், நன்கறியும். அதற்கு ‘உச்சேதவாதம்’ என்று பெயருமிட்டுள்ளன. தீகநிகாயத்தின் முதற்சூத்திரம் அறுபத்திரண்டு பொய்க்காட்சிகளை எண்ணுமிடத்து, உச்சேதவாதத்தின் வகைகள் ஏழனை அவற்றுட் சேர்க்கும். மனிதன் பூதங்களின் கூட்டமே, இறப்பில் அறிஞனும் மூடனும் ஒருங்கே அற்றொழிவர் என்ற அசித கேசகம்பளர் புத்தர் காலத்தவர். அவர் கொள்கையும் அந்நூலில் எடுத்துக் கூறப்பட்டுளது. மச்சிம நிகாயத்து அலகத்தூபம சூத்திரத்தில், உள்ளதொரு பொருளின் அழிவைப் போதிக்கின்றாரெனச் சமணரும் பார்ப்பனரும் சிலர் தம்மீது பொய்யாகக் குற்றஞ் சாட்டுவதாகப் புத்தரே முறையிடுகின்றார். தாம் அன்றும் இன்றும் துன்பத்தையும் அதன் ஒழிவையுமே உரைப்பதாகவும் கூறுகின்றார். பார்த்தெலெமி சேன் இலேர் 1860-இற் சாட்டிய குற்றம் புதியதன்று. குற்றஞ்சாட்டப்பட்டார் விடையும் உடன் பதிவான பழங்குற்றமே.

சம்யுத்த நிகாயத்து யமக சூத்திரம் இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை போல்வது. யமகர் என்னும் பிக்கு, ஆசவங்கள் அற்ற அருகன் உடல் வீழ்ந்தபின் அழிந்துபோவான், இலனாவான் எனப் புத்தர் உபதேசத்தைப் பொருள் கொண்டார். உடனுறை பிக்குகள் அது தீய காட்சியென்று இடித்துரைத்தும் அவர் விட்டிலர். சாரிபுத்தர் அவரை அடுத்து வினவுகின்றார். உருவமே ததாகதரா? அன்று. நுகர்ச்சியோ, குறிப்போ, பாவனையோ, உள்ள அறிவோ ததாகதரா? அன்று. இவற்றுள் உறைபவரா, இவற்றிற்கு வேறானவரா, இவையனைத்தும் கூடியவரா, இவையற்றவரா? ஒன்றுமன்று. அங்ஙனமாயின், இம்மையிலேயே உண்மையாகக் கண்டுகொள்ளப்படாத ஒருவரை இறந்தபின் அழிவார் என்று கூறுதல் தகுமா? யமகர் தம் கருத்தை விட்டொழித்து, நிலையாத துன்பப்பொருளாகிய உருவம் முதலியன ஒடுங்கின என்பதே இனித் தம் விடையென்கின்றார்.

மேனாட்டறிஞர் பலரும் நின்றவிடம் யமகர் முதலில் நின்ற இடமே. ஒருவன் அழிவானென்று சொல்லுதற்கு, அழிதற்குரிய ஒருவனை முன்னர்க் கொள்ளல் வேண்டும். அவன் என்றும் உளன் என்பாரும், இறப்பில் அற்றுப்போவான் என்பாரும் அவ்வொருவனைக் கொள்வதில் ஒத்தவரே. புத்தர் மறுத்தது அவ்விருவர்க்கும் பொதுவான அடிப்படையை. வச்சகோத்தர் என்பார்க்கு அவர் கூறிய தீயின் உவமையும் இதுபற்றியதே. விறகற்று அவிந்த தீ கிழக்கே சென்றதா மேற்கே சென்றதா என வினவுவார்க்கு, இத்திசை அத்திசை என்னும் விடை பொருந்தாது. வினாவே பொருந்தாமையின் என்க. அவிந்தது என்னுஞ் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, வினாவின் பொருந்தாமையை விட்டதே மேனாட்டார் செய்த பிழை.

தடையும் விடையும்

அற்றேல், விடைகூறாமை அறியாமையாலோ, கேட்போர் அஞ்சுவரென்னும் கரவாலோ நிகழ்ந்திருக்கலாகாதோ எனின், ஓல்டன்பெர்க் 1881-இல் வெளியிட்ட நூலில் இவ்வையத்தை நுணுகி ஆராய்ந்து, புத்தர் இதனை வெளிப்படுத்தவில்லை என்பதே சங்கம் ஏற்ற கொள்கையென்று காட்டினார். அவர்க்கு முன்னையோரினும் இது பெரிதும் நேரியது. ஆயினும், நூல்கள் வாளா இருத்தலோடு அமையவில்லை. கோசல மன்னன் பசேநதி இதனையே கேமை என்னும் பிக்குணியிடம் வினவினான். கங்கையின் மணலையும் கடலின் நீரையும் எண்ணவல்ல கணக்கன் உளனோ என அவள் எதிர்வினவி, உருவம் முதலியவற்றாற் குறிக்கப்படுதலினின்று விடுபட்ட ததாகதர் கடல்போல் ஆழ்ந்து அளவிறந்தவர் என்றாள். இன்மையைக் கூறுவார் கடலை உவமையாக்கார். உதானத்தின் எட்டாம் வர்க்கமோ, பிறவாததும் ஆக்கப்படாததுமாகிய ஒன்று உளதென்றும், அஃதின்றேல் பிறந்ததினின்று விடுதலை இல்லையென்றும் காரணங்காட்டி உரைக்கும். கி. பி. ஐந்தாம் நூற்றாண்டினராகிய புத்தகோசரும் விசுத்திமக்கத்தில், நிருவாணம் முயற்கோடு போல் இல்பொருளென்பாரை எடுத்துக்கொண்டு மறுத்துள்ளார்.

இனி, எஞ்சிநிற்கும் மெய்யான தடை ஒன்றுண்டு. ‘அவன்’ என்பான் இலனாயின், நெறி நின்றார் யார், பயன் பெற்றார் யார்? தமிழ்நாட்டுச் சமயவாதிகள் பௌத்தரை நோக்கி வினவியது பெரும்பாலும் இதனையே. பேறு அழிவா என்பதினும் பெறுவான் யார் என்பது கூர்மையான வினா. பௌத்தர் கொள்கையை அறிந்து அதனுள்ளே புகுந்து எழுப்பப்பட்டது. இவ்வினாவின் வலியைப் பௌத்தரும் உணர்ந்தனர். வாத்சீபுத்திரியர் என்னும் பிரிவார், கந்தங்களோடு ஒன்றென்றும் வேறென்றும் சொல்லவாராத புற்கலன் ஒருவனை உடன்பட்டனர். கதாவத்து என்னும் அபிதம்ம நூல் தொடங்குவதே புற்கலவாத மறுப்பில். வசுபந்துவும் அபிதருமகோசத்தின் இறுதியில் அதனையே நெடிது மறுத்தார். மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் கூறிய விளக்குச்சுடர் உவமை இத்தடைக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை: இரவின் முதல்யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றுமன்று, வேறுமன்று; தொடர்ச்சி உண்டு. தொடர்ச்சி ஒன்றே வினைப்பயனுக்கும் விடுதலைக்கும் போதியதா என்பது, பௌத்தத்தை உண்மையில் உரைத்துப் பார்க்கும் கல். அழிவென்னும் பழி, அக்கல்லில் உரைக்கவேண்டிய பொன்னை வேறிடத்தில் எறிந்துவிட்டது.

ஒப்புமையும் முடிபும்

இங்ஙனம் கூறியவாற்றால், இருசமயங்களும் யாண்டும் எதிர்ப்பட்டனவே என்று கொள்ளற்க. யோவான் எழுதிய சுவிசேடம், நித்திய வாழ்வென்பது கடவுளை அறிதலென்றும், நம்புவான் இப்பொழுதே மரணத்தைக் கடந்தான் என்றும் பொருள்படக் கூறும். பவுலடிகள் பழைய மனிதன் இறத்தலை வாழ்நாளிலேயே வைத்தார். உடல் இறப்பதற்கு முன்னரே ஒருவனுள் யாதோ ஒன்று இறத்தல் வேண்டும் என்னும் அளவிற் பௌத்தரும் அவரும் அணுகி நிற்பர். அவ்வணுக்கத்திற்குள்ளேயே வேற்றுமையும் விளங்கும். பவுலடிகளுக்குப் பழைய மனிதன் இறந்தவிடத்துப் புதிய மனிதன் எழுவான்; அவன் பெயர்சொல்லி அழைக்கப்படுவான், உடம்போடும் எழுப்பப்படுவான். பௌத்தர்க்கு ‘யான் உளேன்’ என்னும் செருக்கு அற்றவிடத்து, அதனிடத்தே பிறிதொரு ‘யான்’ எழுதலில்லை. அன்பு செய்வாரும் செய்யப்படுவாரும் என்றும் இருவராய் நிற்றலே கிறித்தவர்க்கு வீட்டின் இனிமை. அவ்விருமை வேட்கையின் விளைவோவென ஆராய்தலே பௌத்தர்க்கு வீட்டின் வாயில். இவற்றுள் எது உண்மையென்பது வேறு வழக்கு. எது யார் கூற்றென்று பிரித்தறிதல் அவ்வழக்கிற்கு முற்பட்ட கடமை.

பாளி நூல்கள் அச்சேறியபின் மேனாட்டாரே தம் முன்னோரைத் திருத்தினர். ரைஸ் டேவிட்ஸ் நிருவாணத்தை இம்மையில் எய்தும் உள்ளத்தூய்மையாக விளக்கினார். இலெனின்கிராடு நகரத்திற் செர்பாட்ஸ்கி 1927-இல் அதனைத் தத்துவநோக்கில் மீள ஆராய்ந்தார். வெல்பன் என்பார் 1968-இல் இவ்வாதம் முழுவதன் வரலாற்றையும் தனிநூலாக எழுதினார். தம் பிழையைத் தாமே ஆராயும் இப்பண்பு மேனாட்டுக் கல்வியின் சிறப்பென்பதை மறுத்தலாகாது. ஈண்டுள்ளார் அக்கல்வியிற் கொள்ளத்தக்கதும் அப்பண்பேயன்றி, 1860-இன் தீர்ப்பன்று.

பௌத்தத்தை ஏற்க வேண்டுமென்பதும் மறுக்க வேண்டுமென்பதும் இவ்வாராய்ச்சியின் கருத்தல்ல. மறுப்போர்க்கு நூல்வழிப்பட்ட மறுப்புக்கள் பல உள. ஆனால் யமகர் ஒருகால் கொண்டு பின் கைவிட்ட கருத்தை எடுத்து, அதனையே புத்தர் மதமென்று நிறுத்தி மறுப்பாராயின், அவர் வென்றது யமகரைத்தானும் அன்று. அவர் விட்டெறிந்த பிழையை மட்டுமே. பிறர் மதம் கூறலிற் பிழைத்தார் அதனை மறுத்தலிற் பெறும் வெற்றி, எதிரி வாராத களத்திற் பெற்ற வெற்றியோ டொக்கும்.